ஃபிங்கன்வால்டே போதகர் பயிற்சிப் பள்ளி

ஃபிங்கன்வால்டே போதகர் பயிற்சிப் பள்ளி, நாஜி ஆட்சிக் கால ஜெர்மனியில் அரசின் தலையீட்டுக்குப் பணிய மறுத்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் தங்கள் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க நடத்திய உறைவிடப் பள்ளி ஆகும். 1935 முதல் 1937 வரை இயங்கியது. ஸ்டெட்டின் நகருக்கு அருகில் இருந்த ஃபிங்கன்வால்டே என்ற ஊரின் பெயரால் அறியப்படுகிறது. அப்பகுதி இன்று போலந்து நாட்டில் ஷ்செசின் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. பள்ளியின் தலைவராக இருந்தவர் இறையியலாளர் டீட்ரிக் பான்ஹோஃபர் (1906–1945). பயின்ற அனைவரும் ஆண்கள், பெரும்பாலும் இருபது வயதுகளில் இருந்தவர்கள். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா, சம்பளம் வருமா, சிறைக்குப் போக நேருமா என்ற எதுவும் தெரியாத நிலையில் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தனர்.

பின்னணி

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலர் ஆனார். அதே ஆண்டு ஜூலையில் நடந்த திருச்சபைத் தேர்தலில், நாஜிக் கொள்கையைக் கிறிஸ்தவத்துடன் கலக்க முயன்ற 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கம் பெரும்பான்மை பெற்றது. யூத வம்சாவளியினர் அரசுப் பணியில் இருக்கக் கூடாது என்ற 'ஆரியப் பிரிவு' சட்டத்தை, செப்டம்பரில் கூடிய பிரஷ்யத் திருச்சபையின் பேரவை போதகர்களுக்கும் பொருந்தும் என ஏற்றது. ஞானஸ்நானம் பெற்று, குருப்பட்டமும் பெற்ற ஒருவர், தாத்தா பாட்டி யூதர் என்பதற்காகப் பிரசங்க பீடத்திலிருந்து இறக்கப்படலாம் என்பதே இதன் பொருள்.

இதற்கு எதிராக மார்ட்டின் நீமோலர் என்ற பெர்லின் போதகர், போதகர்களின் அவசரக்காலச் சங்கத்தைத் தொடங்கினார். 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள், திருச்சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டியது கிறிஸ்துவுக்கு மட்டுமே என்ற பொருள்பட ஒரு விசுவாச அறிக்கையை வெளியிட்டனர். அதன் பெரும்பகுதியை எழுதியவர் சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்ட். இவ்வறிக்கையின் அடிப்படையில் உருவானதால் இந்த அணி 'அறிக்கைத் திருச்சபை' என்று பெயர் பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் டாலம் என்ற இடத்தில் கூடிய பேரவை, ஜெர்மனியின் முறையான புராட்டஸ்டன்ட் திருச்சபை தாங்களே என்று அறிவித்தது.

அப்படி அறிவித்த பிறகு ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. ஜெர்மனியில் போதகராக விரும்பும் ஒருவர் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து முதல் தேர்வை எழுதுவார். பின்பு ஒரு போதகரிடம் உதவியாளராக இருந்து, போதகர் பயிற்சிப் பள்ளியில் சில மாதங்கள் தங்கி, இரண்டாம் தேர்வை எழுதிப் பட்டம் பெறுவார். தேர்வு, நியமனம், சம்பளம், குடியிருப்பு வீடு ஆகிய எல்லாம் கன்சிஸ்டரி எனப்பட்ட திருச்சபை நிர்வாக அலுவலகத்தின் கையில் இருந்தன. அந்த அலுவலகங்களோ எதிரணியின் வசம் போயிருந்தன. ஆகவே அறிக்கைத் திருச்சபை தனக்கென ஐந்து பயிற்சிப் பள்ளிகளை நடத்த நேர்ந்தது. அவற்றுள் ஒன்றே ஃபிங்கன்வால்டே.

பான்ஹோஃபரின் ஆயத்தம்

பான்ஹோஃபர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் 21 வயதில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தவர். 1930–31இல் நியூயார்க்கில் படித்தபோது ஹார்லெம் பகுதியில் இருந்த கறுப்பின மக்களின் அபிசீனியன் பாப்டிஸ்ட் ஆலயத்தில் ஊழியம் செய்தார். 1933 அக்டோபர் முதல் லண்டனில் இரண்டு ஜெர்மானிய சபைகளுக்குப் போதகராக இருந்தார்.

பயிற்சிப் பள்ளிப் பொறுப்பு தேடி வந்தபோது அவர் இந்தியாவுக்குப் புறப்படும் எண்ணத்தில் இருந்தார். காந்தியின் ஆசிரம வாழ்வையும் அறவழிப் போராட்டத்தையும் நேரில் கற்க விரும்பினார். சிச்செஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல் அவருக்காகக் காந்திக்குக் கடிதம் எழுதினார். காந்தியும் 1934 நவம்பரில் அழைப்பு அனுப்பினார். அந்தப் பயணம் நடைபெறவேயில்லை. அதற்குப் பதிலாக இங்கிலாந்தில் மிர்ஃபீல்ட், கெல்லம் முதலிய இடங்களில் இருந்த ஆங்கிலிக்கன் துறவுக் குழுமங்களுக்குச் சென்று, ஒரே கூரையின் கீழ் ஜெபமும் படிப்பும் உழைப்பும் எப்படி ஒன்றாக நடக்கின்றன என்று பார்த்துவிட்டு ஜெர்மனி திரும்பினார். ஆசிரமம் பார்க்கப் புறப்பட்டவர் தானே ஒன்றை நடத்தும்படி ஆயிற்று.

தொடக்கம்

1935 ஏப்ரல் 26 அன்று, பால்டிக் கடற்கரையில் உள்ள சிங்ஸ்ட் என்ற இடத்தில், மணல்மேடுகளுக்குப் பின்னால் இருந்த எளிய குடில்களில் பள்ளி தொடங்கியது. 23 மாணவர்கள். தலைவருக்கு வயது 29. கோடைப் பருவம் வந்ததும் குடில்களைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், ஜூன் மாதம் ஃபிங்கன்வால்டேயில் ஒரு பழைய வீட்டுக்கு இடம் மாறினர். அங்கு மேசை, நாற்காலிகூடப் போதுமான அளவு இல்லை. சுற்றுவட்டாரச் சபைகளும் நிலக்கிழார்களும் தளவாடங்களையும் உணவுப் பொருள்களையும் தந்து உதவினர். அவர்களுள் ரூத் ஃபான் கிளைஸ்ட்-ரெட்ஸோ என்ற வயது முதிர்ந்த பெண்மணி குறிப்பிடத்தக்கவர். அவருடைய பேத்தி மரியா ஃபான் வெடமேயரையே பிற்காலத்தில் பான்ஹோஃபர் மணக்க நிச்சயித்திருந்தார்.

தொடக்க நாட்களில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. சமையலறையில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது மாணவர்கள் யாரும் உடனே எழவில்லை. பான்ஹோஃபர் எதுவும் சொல்லாமல் எழுந்து உள்ளே போனார். பின்னால் விரைந்து வந்தவர்களை அவர் உள்ளே விடவில்லை. பிறகும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அன்றாட வாழ்வு

அரசை எதிர்த்து நிற்கப்போகும் ஒருவருக்கு என்ன கற்றுக்கொடுப்பது? சட்டம், மறைமுகச் செய்தித் தொடர்பு, விசாரணையில் நடந்துகொள்ளும் முறை என்றெல்லாம் நினைக்கத் தோன்றும். ஃபிங்கன்வால்டேயின் நாள் முழுவதும் வேறு விதமாக இருந்தது.

காலை எழுந்தது முதல் ஆராதனை வரை யாரும் பேசுவதில்லை. ஆராதனையில் சங்கீதங்கள், பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு பகுதி, புதிய ஏற்பாட்டிலிருந்து ஒரு பகுதி, பாடல்கள், ஜெபம் ஆகியன இடம்பெற்றன. சிறையில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபித்தனர். காலை உணவுக்குப் பின் அரை மணி நேரம் தனித் தியானம். அதற்கு ஒரு சிறிய வேதப் பகுதியைக் கொடுத்து, ஒரு வாரம் முழுவதும் அதையே தியானிக்கச் சொன்னார் பான்ஹோஃபர். விளக்கவுரைகளைப் புரட்டக் கூடாது, கிரேக்க மூலத்தை ஆராயக் கூடாது, அடுத்த பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கக் கூடாது.

மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் வேதத்தை அலசி ஆராயப் பழகியவர்களுக்கு அரை மணி நேரம் சும்மா உட்காருவது பெரும்பாடாக இருந்தது. சிலர் தூங்கினர். சிலர் புகைக்குழாயைப் பற்றவைத்தனர். சிலர் மனம் அலைபாய்வதாக முறையிட்டனர். மற்றப் பயிற்சிப் பள்ளிகளில் இதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். பான்ஹோஃபர் ஊரில் இல்லாதபோது எதிர்ப்பு வெளிப்படையாகவே கிளம்பியது. அவர் திரும்பி வந்து எல்லோருடனும் உட்கார்ந்து பேசினார், ஆனால் தியானத்தை நிறுத்தவில்லை.

அவருடைய நோக்கம் எளிதில் புரியக்கூடியது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கிராமத்தில் தனியாக இருப்பார். அருகில் நண்பர் இல்லை. அலுவலகம் எதிரி. சபையிலேயே உளவு சொல்பவர் இருக்கலாம். புத்தகங்களும் விவாதங்களும் துணைக்கு வராத அந்த நேரத்தில் நிற்பதற்கான பழக்கத்தை முன்கூட்டியே உடம்பில் ஏற்ற வேண்டும். பல ஆண்டுகள் கழித்துப் போர்முனையிலும் சிறையிலும் இருந்த பழைய மாணவர்கள் சிலர் பயனுள்ளதாக நினைவுகூர்ந்தது, அன்று தாங்கள் வெறுத்த அந்த அரை மணி நேரத்தைத்தான்.

பள்ளியில் ஒரே ஒரு விதி திட்டவட்டமாக இருந்தது. உடன் பயிலும் சகோதரர் ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசக் கூடாது. தவறிப் பேசிவிட்டால் அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். பிரசங்கங்களிலும் வகுப்புகளிலும் கற்றதைவிட இந்த விதியைக் கைக்கொள்ள முயன்று தோற்றதிலிருந்து அதிகம் கற்றதாகச் சொன்ன மாணவர்கள் உண்டு. ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பது குடிமகனின் கடமையாக ஆக்கப்பட்டிருந்த ஒரு நாட்டில் இப்படி ஒரு விதி இருந்தது என்பதை நினைத்தால் அதன் கனம் விளங்கும்.

திருவிருந்துக்கு முன் ஒருவர் மற்றொருவரிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்யும் பழக்கத்தையும் பான்ஹோஃபர் அறிமுகப்படுத்தினார். லுத்தரன் மரபில் இதற்கு இடம் இருந்தாலும் வழக்கொழிந்து போயிருந்தது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தலைவரே மாணவர்களுள் ஒருவரிடம் சென்று தன் பாவங்களை அறிக்கையிட்டார்.

வகுப்புகளில் பிரசங்கக் கலை, திருச்சபையின் விசுவாச அறிக்கைகள், போதகர் பணி ஆகியவற்றோடு, மலைப்பிரசங்கத்தை மையமாகக் கொண்டு சீடத்துவம் பற்றிய தொடர் விரிவுரையும் நடந்தது. இதுவே 1937இல் 'நாஹ்ஃபோல்கே' என்ற நூலாக வெளிவந்தது. 'பின்தொடர்தல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆராதனையில் மாணவர் ஒருவர் பிரசங்கம் செய்தால் அதை மற்றவர்கள் திறனாய்வு செய்வதில்லை. எவ்வளவு தடுமாறினாலும் அது தங்களுக்குச் சொல்லப்பட்ட செய்தி என்று கேட்க வேண்டும்.

இதனால் இது வறண்ட இடமாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வெயில் நன்றாக இருந்தால் வகுப்பை ரத்து செய்துவிட்டு விளையாடப் போனார்கள். மேசைப்பந்து, நீச்சல், பியானோ என்று பொழுது போயிற்று. ஹார்லெமில் கேட்டுப் பழகிய கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களின் இசைத்தட்டுகளை பான்ஹோஃபர் கொண்டு வந்திருந்தார். 1930களின் பொமரேனியாவில் அந்த இசையைக் கேட்டவர்கள் வெகு சிலராகவே இருந்திருப்பர்.

கிராமங்களுக்குச் சென்று ஊழியம் செய்வதும் பயிற்சியின் பகுதி. நான்கு பேர் கொண்ட குழு ஒரு கிராமத்தில் சில நாட்கள் தங்கி வீடுகளைச் சந்திக்கும். மாலைக் கூட்டத்தில் நால்வரும் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவார்கள்.

1935 இலையுதிர் காலத்தில், பயிற்சி முடித்த சிலர் பள்ளியிலேயே தங்கிச் 'சகோதரர் இல்லம்' என்ற சிறு குழுவாக வாழத் தொடங்கினர். பணத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டனர். எங்கே போதகர் தேவைப்பட்டாலும் உடனே புறப்பட ஆயத்தமாக இருந்தனர். கார்ல் பார்ட் இதையெல்லாம் அறிந்தபோது, துறவுமட வாசனை அடிக்கிறதே என்று பான்ஹோஃபருக்கு எழுதிய கடிதத்தில் தயக்கம் தெரிவித்தார். அந்தத் தயக்கம் பலருக்கும் இருந்தது. வெளியே நாடு எரியும்போது கதவைச் சாத்திக்கொண்டு தியானம் செய்வது தப்பித்தல் அல்லவா என்ற கேள்விக்குப் பள்ளி தன் செயலால்தான் பதில் சொல்ல முடிந்தது.

மாணவர்களிடையே இருந்த வேறுபாடுகள்

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மனத்தினர் அல்லர். 1935 மார்ச்சில் ஜெர்மனி கட்டாய ராணுவ சேவையை மீண்டும் கொண்டுவந்தது. மே 1 அன்று இது குறித்த ஹிட்லரின் உரையை மாணவர்கள் வானொலியில் கேட்டபோது அவர்களுள் பலர் மகிழ்ந்தனர். திருச்சபை விஷயத்தில் அரசோடு உடன்படாவிட்டாலும் தாங்களும் நாட்டுப்பற்று உள்ளவர்களே என்று காட்ட அது வாய்ப்பாகத் தோன்றியது. ஒரு கிறிஸ்தவர் ஆயுதம் ஏந்த மறுக்கலாம் என்று தங்கள் தலைவர் கருதுவதை அறிந்து அவர்கள் திகைத்தனர். பான்ஹோஃபர் தன் கருத்தைத் திணிக்கவில்லை. பெரும்பாலான மாணவர்கள் பின்னர் ராணுவத்தில் சேர்ந்தனர்.

சட்டவிரோதப் போதகர்கள்

1935 டிசம்பர் 2 அன்று, திருச்சபை விவகார அமைச்சர் ஹன்ஸ் கெர்லின் ஆணை வெளியானது. அறிக்கைத் திருச்சபை தேர்வு நடத்துவதும் குருப்பட்டம் கொடுப்பதும் செல்லாது என்று அது கூறியது. பான்ஹோஃபர் மாணவர்களைக் கூட்டி நிலைமையை விளக்கி, போக விரும்புவோர் போகலாம் என்றார். அவர்கள் தங்கினர்.

இதற்குப் பின் அங்கிருந்து வெளியேறிய ஒவ்வொருவரும் 'சட்டவிரோதப் போதகர்' என்றே அழைக்கப்பட்டார். நிலையான சம்பளம் இல்லை, போதகர் வீட்டில் குடியிருக்க உரிமை இல்லை, திருமணம் செய்துகொள்ளத் துணிய வழியில்லை. சபையார் திரட்டிக் கொடுக்கும் காணிக்கையை நம்பியே வாழ வேண்டும். காணிக்கை திரட்டுவதையும் காவல்துறை தடுத்தது.

1936 பிப்ரவரி இறுதியில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பான்ஹோஃபர் ஸ்வீடன் சென்று வந்தார். ஜெர்மனியின் அதிகாரபூர்வத் திருச்சபை அலுவலகத்தை இது ஆத்திரப்படுத்தியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை அவர் இழந்தார். பழைய மாணவரான வெர்னர் கோக், ஹிட்லருக்கு அறிக்கைத் திருச்சபைத் தலைவர்கள் அனுப்பிய ரகசிய மனு வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வெளியான வழக்கில் 1936 நவம்பரில் கைதாகி, சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அதே வழக்கில் கைதான, யூத வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்தவர் ஃபிரீட்ரிக் வைஸ்லர், 1937 பிப்ரவரியில் அம்முகாமில் அடித்துக் கொல்லப்பட்டார். கோக் உயிர் பிழைத்தார்.

மூடப்படுதலும் அதன் பின்னும்

1937 ஜூலை 1 அன்று நீமோலர் கைது செய்யப்பட்டார். ஆகஸ்ட் இறுதியில் ஹிம்லர் பிறப்பித்த ஆணை அறிக்கைத் திருச்சபையின் பயிற்சிப் பணிகள் அனைத்தையும் தடை செய்தது. செப்டம்பர் 28 அன்று கெஸ்டபோ காவலர்கள் ஃபிங்கன்வால்டேக்கு வந்து கட்டடத்தைப் பூட்டி முத்திரையிட்டனர். அந்த ஆண்டு முடிவதற்குள் பள்ளியோடு தொடர்புடைய 27 பேர் சிறைக்குச் சென்றிருந்தனர்.

பயிற்சி நிற்கவில்லை. சட்டத்தில் இருந்த ஒரு இடைவெளி பயன்படுத்தப்பட்டது. ஒரு போதகர் உதவியாளரை வைத்துக்கொள்வதற்குத் தடை இல்லை. எனவே ஒவ்வொரு மாணவரும் ஒரு கிராமப் போதகரின் உதவியாளராகப் பதிவு செய்யப்பட்டார். உண்மையில் அவர்கள் கோஸ்லின், குரோஸ் ஷ்லோன்விட்ஸ் ஆகிய இரண்டு இடங்களில் சிறு குழுக்களாகச் சேர்ந்து வாழ்ந்தனர். பான்ஹோஃபரும் ஓர் உதவியாளராகவே பதிவாகி, வாரத்தில் பாதி நாட்கள் ஓரிடத்திலும் மீதி நாட்கள் மற்றோரிடத்திலும் இருந்து கற்பித்தார். இரண்டாவது குழு 1939இல் சிகுர்ட்ஸ்ஹோஃப் என்ற ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டுக்கு மாறியது. 1940 மார்ச்சில் கெஸ்டபோ அதையும் மூடியது.

வெளியே சென்ற மாணவர்களுக்குச் சுற்றுக்கடிதங்கள் தவறாமல் போயின. யார் சிறையில், யார் விடுதலையானார், யாருக்குத் திருமணம், இந்த வாரத் தியானப் பகுதி எது என்று எல்லாம் அவற்றில் இருக்கும். போர்க்காலத்தில் சுற்றுக்கடிதம் அனுப்பத் தடை வந்ததும், ஒவ்வொன்றையும் தனிப்பட்ட கடிதம் போல எழுதி அனுப்பினர். போர் நீளநீள, அக்கடிதங்களில் இறந்தவர்களின் பெயர்கள் முதலில் வரத் தொடங்கின. பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போரில் மாண்டனர்.

மதிப்பீடு

ஃபிங்கன்வால்டேயை வீரர்களின் பாசறையாகச் சித்தரிக்கும் நூல்கள் உண்டு. உண்மை அவ்வளவு நேர்க்கோடு அல்ல. 1938இல் கன்சிஸ்டரிகள் சட்டவிரோதப் போதகர்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டன. தங்கள் அதிகாரத்தை ஏற்றால் சம்பளமும் வீடும் பதவியும் கிடைக்கும் என்றன. ஆண்டுக்கணக்கில் காணிக்கையில் வாழ்ந்து களைத்திருந்த பலர் அதை ஏற்றனர், ஃபிங்கன்வால்டேயில் படித்த சிலரும் உட்பட. நிச்சயித்த பெண் காத்திருக்க, பெற்றோர் கவலைப்பட, இன்னும் எத்தனை நாள் என்று தெரியாமல் இருந்தவர்களை எளிதில் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. பான்ஹோஃபர் இந்தச் சமரசத்தைக் கடுமையாக எதிர்த்தார். அப்படிப் போனவர்களைக் குறித்து மிகவும் வருந்தினார்.

அதே ஆண்டு ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும்படி போதகர்களுக்கு உத்தரவிடப்பட்டது. அறிக்கைத் திருச்சபையின் பேரவை முடிவை அவரவரிடம் விட்டுவிட, பெரும்பாலானோர் பிரமாணம் எடுத்தனர். போதகர்கள் பிரமாணம் எடுப்பதும் எடுக்காததும் கட்சிக்கு முக்கியமே அல்ல என்று மார்ட்டின் போர்மன் எழுதியிருந்த கடிதம் சில வாரங்களில் வெளியானது. மனச்சாட்சியைப் புரட்டிப் போட்டுக் கொடுத்ததை எதிர்த்தரப்பு கேட்கவே இல்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. அறிக்கைத் திருச்சபை முக்கியமாகப் போராடியது தன் சொந்தச் சுதந்திரத்துக்காக. ஞானஸ்நானம் பெற்ற யூத வம்சாவளியினருக்காக ஓரளவு பேசியது. ஞானஸ்நானம் பெறாத யூதர்களுக்காக மிகக் குறைவாகவே பேசியது. 1938 நவம்பர் 9 இரவு யூத ஜெபாலயங்கள் எரிக்கப்பட்டபோது பெரும்பாலான பிரசங்க பீடங்கள் மௌனமாக இருந்தன. பான்ஹோஃபர் தன் வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தில், தேவனுடைய ஆலயங்கள் எரிக்கப்படுவதைச் சொல்லும் இடத்தில், அந்தத் தேதியைக் குறித்து வைத்தார். யூதர்கள் சாபத்தின் பலனை அனுபவிக்கிறார்கள் என்ற விளக்கத்தை மாணவர்களிடம் மறுத்தார். ஆனால் ஒரு தேதிக் குறிப்பு பொதுக் குரல் ஆகாது. அவர் பிற்பாடு ஹிட்லருக்கு எதிரான ரகசியச் சதியில் சேர்ந்ததற்கு, திருச்சபையின் வழியாக இதற்கு மேல் எதுவும் நடக்காது என்ற அனுபவமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. 1943 ஏப்ரல் 5 அன்று கைதான அவர், 1945 ஏப்ரல் 9 அன்று ஃபுளோசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார்.

பயிற்சி ஆண்களுக்கு மட்டுமே என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இறையியல் படித்த பெண்கள் அப்போதே இருந்தனர். ஆனால் முழுமையான போதகர் பணி அவர்களுக்கு மறுக்கப்பட்டது. போரில் ஆண் போதகர்கள் குறைந்துபோக, சபைகளைப் பல இடங்களில் தாங்கியவர்கள் அவர்களே. 1943 ஜனவரியில் இல்சே ஹார்ட்டர், ஹன்னலோட்டே ரைஃபன் என்ற இருவருக்கு அறிக்கைத் திருச்சபையின் போதகர் குர்ட் ஷார்ஃப் ஆண்களுக்குரிய அதே முறையில் குருப்பட்டம் அளித்தார். திட்டமிட்ட பயிற்சி யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர்களைத் தவிர்த்து, எதிர்பாராதவர்களும் அந்த இக்கட்டான காலத்தைச் சுமந்தனர்.

நூல்களும் சான்றுகளும்

பள்ளி மூடப்பட்டு ஓராண்டு ஆன பிறகு, 1938 இலையுதிர் காலத்தில், பான்ஹோஃபர் கோட்டிங்கனில் தன் இரட்டைச் சகோதரி சபீனாவின் காலி வீட்டில் தங்கி ஏறக்குறைய நான்கு வாரங்களில் ஒரு சிறு நூலை எழுதினார். சபீனாவின் கணவர் யூத வம்சாவளியினர் என்பதால் அக்குடும்பம் அப்போதுதான் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தது. 'கெமைன்சாமஸ் லேபன்', அதாவது 'கூட்டு வாழ்வு', என்ற அந்நூல் 1939இல் வெளியானது. சேர்ந்திருப்பது, தனித்திருப்பது, பணிவிடை, பாவ அறிக்கை என்று ஃபிங்கன்வால்டேயின் நாட்களே அதன் உள்ளடக்கம். சேர்ந்து வாழும் கிறிஸ்தவக் குழு ஒரு கனவு அல்ல, கனவோடு வருபவரே அதைக் குலைப்பவர் என்ற கருத்தை அதில் அழுத்தமாக முன்வைக்கிறார்.

பள்ளியைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி எபர்ஹார்ட் பெத்கே வழியாக வந்தது. நாஜி ஆதரவுத் திருச்சபைத் தலைமையை ஏற்க மறுத்ததால் வேறொரு பயிற்சிப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, 1935இல் முதல் அணியில் வந்து சேர்ந்த மாணவர் அவர். பான்ஹோஃபரின் நெருங்கிய நண்பராகி, அவருடைய சிறைக் கடிதங்களைப் பாதுகாத்து 1951இல் வெளியிட்டார். 1967இல் அவர் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாற்றில் ஃபிங்கன்வால்டேக்குப் பல அத்தியாயங்களின் அளவு இடம் உண்டு. ஆகவே வாசகர் காண்பது ஓர் அன்பான மாணவரின் கண்வழிக் காட்சி. தியானத்தில் தூங்கியவர்களையும் விலகிப் போனவர்களையும் பெத்கே மறைக்கவில்லை என்றாலும், விலகிப் போனவர்கள் தாங்களே எழுதிய கணக்கு மிகக் குறைவாகவே வெளிவந்துள்ளது.